ஓடாத வண்டிக்கும் ஒரு காப்பீடு

குளிர் மிகுந்த நாடுகளில் மோட்டார் சைக்கிளுக்கும் ஓய்வுக்காலம் உண்டு. உறைபனி விழத் தொடங்கியதும் வண்டியைக் கொட்டகைக்குள் ஏற்றிப் போர்த்தி வைத்துவிடுவர். இவ்வழக்கத்தைச் சட்டமும் ஏற்றுக்கொண்டது. ஆண்டின் எந்தெந்த மாதங்களில் வண்டி ஓடும் என்பதைக் காட்டும் பருவகால எண் பலகையை ஜெர்மனி 1997-இல் கொண்டுவந்தது. வண்டி சாலைக்கு வராது என்று அரசிடம் எழுதிக்கொடுக்கும் முறை பிரிட்டனில் 1998-இல் நடைமுறைக்கு வந்தது.

நம் சிறுசேரியில் உறைபனி ஏது? இங்கு ஐப்பசியும் கார்த்திகையுமே வண்டியின் ஓய்வுக்காலம். பழைய மாமல்லபுரம் சாலையில் வெள்ளம் தேங்கும் நாட்களில், சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவுக்கு இருசக்கர வண்டியில் செல்வோர் பலர் பேருந்துக்கு மாறிவிடுகின்றனர். வண்டி அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நிற்கிறது. காப்பீட்டைப் புதுப்பிக்கும் நாளும் அதே மாதங்களில் வந்துவிட்டால், 'ஓடாத வண்டிக்கு எதற்குப் பணம்? தை பிறந்ததும் கட்டிக்கொள்ளலாம்' என்ற எண்ணம் எழுவது இயல்பே. அந்த எண்ணம் சரிதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

மோட்டார் காப்பீடு கட்டாயமானது வண்டிக்காரரைக் காக்க அன்று. அவரது வண்டியில் அடிபடுபவரைக் காக்கவே. இங்கிலாந்தின் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் காட்டிய வழியில், இந்தியாவின் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாம் நபர் காப்பீட்டை வலியுறுத்தியது. அந்த அத்தியாயம் நடைமுறைக்கு வந்ததோ 1946 ஜூலை 1 அன்றுதான். பின்னர் வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும், பொது இடத்தில் வண்டியைப் 'பயன்படுத்துவோர்' காப்பீடு பெற்றிருக்கவேண்டும் என்றே கூறுகிறது.

அப்படியாயின் நிற்கும் வண்டிக்குத் தேவையில்லை அல்லவா? இக்கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1991-இல் ஒரு விடை தந்தது. மகாராஷ்டிரத்தில் லாரியோடு மோதிக் கவிழ்ந்த பெட்ரோல் டேங்கர் ஒன்று, சில மணி நேரம் கழித்து வெடித்துச் சிலர் உயிரிழந்தனர். அசையாமல் கிடந்த வண்டியும் 'பயன்பாட்டில்' உள்ளதாகவே கொள்ளத்தகும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, தெருவோரம் நிறுத்திய வண்டியை 'ஓடவில்லை' என்ற ஒரே காரணத்தால் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட இயலாது.

இனி வண்டிக்கே நேரும் சேதத்தைப் பார்ப்போம். 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதித்தொகுப்பில் பதினோராம் எண்ணுள்ள ஒப்புதல் குறிப்பொன்று உண்டு. வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி வைக்கும் காலத்தை உரிமையாளர் முன்கூட்டியே அறிவித்தால், அக்காலத்துக்கு நிறுவனத்தின் பொறுப்பு நிறுத்திவைக்கப்படும். ஈடாக அடுத்த புதுப்பித்தலில் கட்டணக் கழிவு கிடைக்கும், அல்லது கூடுதல் கட்டணத்தின் பேரில் காப்பீட்டுக் காலம் நீளும். எனினும் தீ, திருட்டு, கலவரம், புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு மட்டும் பொறுப்பு தொடரும். விதியை வகுத்தோர் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருந்தனர்: நிற்கும் வண்டி மோதாது, ஆனால் மூழ்கும்.

அவ்வுண்மையைத் தென்சென்னை 2015-இல் கண்டது. டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. ஓட்டப்படாமல் பத்திரமாக நின்ற வண்டிகளே நீரில் அமிழ்ந்தன. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு இத்தகைய சேதத்தில் ஒரு ரூபாயும் கிடைக்காது.

இங்கே இன்னொரு திருப்பத்தையும் சொல்லவேண்டும். கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாயிற்று. அடிபடுவோருக்கு இது பெரும் நன்மை. ஆனால் 'ஐந்தாண்டுக்குக் கட்டியாயிற்று' என்ற நிம்மதியில், ஓராண்டில் முடிந்துவிடும் சொந்தச் சேதக் காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதைத் தனியாகவே வாங்கும் வசதி 2019 செப்டம்பர் முதல் உண்டு. காலாவதியாகித் தொண்ணூறு நாட்களுக்குள் புதுப்பித்தால் இழப்பீடு கோராமைக்கான தள்ளுபடியும் நிலைக்கும். ஆயினும் இடைப்பட்ட நாட்களில் வரும் வெள்ளத்துக்கு எவரும் பொறுப்பில்லை.

குறைவாக ஓட்டுவோர் குறைவாகக் கட்டும் கூடுதல் பிரிவுகளை ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. சிக்கனம் தேடுவோர் அவ்வழியை ஆராயலாம்; காப்பீட்டையே விட்டுவிடுவது சிக்கனம் ஆகாது. நீரில் நின்ற வண்டியை உடனே உதைத்துக் கிளப்பாமல், படமெடுத்துவிட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் நலம். கிளப்பியதால்தான் எஞ்சின் கெட்டது என்று கூறி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு.

குளிர்நாட்டாரின் ஓய்வுக்காலம் வண்டிக்குப் பாதுகாப்பான காலம். நமது ஓய்வுக்காலமோ வண்டிக்கு ஆபத்து மிகுந்த காலம். அவர்களது கணக்கை இங்கே அப்படியே போட்டுப் பார்த்தால் விடை தவறாகவே வரும். சிறுசேரியில் காப்பீட்டைப் புதுப்பிக்க ஏற்ற மாதம் புரட்டாசி, மழைக்கு முன்னர்.