நோன்புக் கஞ்சியும் ஆலைச் சங்கும்

கஞ்சி என்பது பழந்தமிழ்ச் சொல். போர்த்துகீசியர் வாயிலாக அது ஆங்கிலத்திலும் புகுந்தது. சீனரின் அரிசிக் கூழைக்கூட ஆங்கிலேயர் இன்று அப்பெயராலேயே அழைக்கின்றனர். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் அதனுடன் 'நோன்பு' என்னும் மற்றொரு தமிழ்ச் சொல்லை இணைத்து, ரமலானின் அந்திப் பொழுதுக்கு உரியதாக்கிக் கொண்டோம்.

தானியத்தையும் இறைச்சியையும் ஒன்றாய்க் குழைய வேகவைக்கும் முறை அரபியரிடமும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூலில் 'ஹரீஸா' இடம்பெற்றுள்ளது. அங்கே கோதுமை, இங்கே பச்சரிசி. அத்துடன் பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, சிறிது கொத்துக்கறி, இறுதியில் தேங்காய்ப்பால். கடற்கரை ஊர்களில் ரம்பை இலையும் இடுவர். பச்சை மிளகாயும் தக்காளியும் போர்த்துகீசியர் வருகைக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. பாட்டியார் காய்ச்சிய கஞ்சி இம்மியும் மாறலாகாது என வாதிடுவோரின் கிண்ணத்திலேயே புதுமை மிதக்கிறது!

ஹரீஸாவின் மற்றொரு கிளை, நிஜாமின் படையிலிருந்த அரபியரால் ஹைதராபாத்தில் வேரூன்றி 'ஹலீம்' ஆயிற்று. 2010-ல் அது புவிசார் குறியீடு பெற்றது. இன்று பெட்டிகளில் அடைபட்டு வெளிநாடுகளுக்கும் செல்கிறது. பள்ளிவாசல் கஞ்சிக்கோ விலையில்லை. அஸர் தொழுகைக்குப் பின் சிறுவர்கள் தூக்குவாளியுடன் வரிசையில் நிற்பர். ஒரு நாளின் செலவை ஒரு குடும்பம் ஏற்கும். அண்டை வீட்டு ஹிந்து, கிறிஸ்தவ சகோதரர்களின் பாத்திரங்களும் நிரம்பும். 2001 முதல் தமிழக அரசும் இதற்கெனப் பச்சரிசி வழங்கி வருகிறது. 2020-ல் கொள்ளைநோயால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டபோது, ஒதுக்கப்பட்ட 5,450 டன் அரிசியை வீடுகளிலேயே சேர்க்க ஏற்பாடாயிற்று. அரிசி வீடு தேடி வந்தது. பள்ளிவாசலின் தேக்சா அவ்வாண்டு அடுப்பேறவில்லை.

கொள்ளைநோய் ஓராண்டில் செய்ததை ஆலைச் சங்கு ஆண்டுதோறும் செய்துவருகிறது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் (ஆற்காட்டு நவாப் வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் அது) சேரப்பணஞ்சேரி உள்ளது. அதை ஒட்டிய ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1998-ல், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியிருந்தது. ரமலான் எப்பருவத்தில் வரினும் நம் பகுதியில் மாலை ஐந்தரைக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் சூரியன் மறைந்துவிடும். பிற்பகல் பணிமுறையோ இரவுவரை நீள்கிறது. உள்ளே இருப்பவர் பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்து மீண்டும் இயந்திரத்தருகே செல்ல வேண்டும்.

அவருக்காகவே போல் கஞ்சிப் பொட்டலங்கள் கடைக்கு வந்துவிட்டன. அவற்றை நாம் இகழோம். வாடகை அறையில் தனித்திருக்கும் இளைஞனுக்கு அவை உதவியே. ஆயினும் பொட்டலம் ஒருவருக்கே காயும். பிறருடைய பாத்திரம் அங்கே வராது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து, கொண்டைக்கடலையும் பழமும் ஷர்பத்தும் கொண்டு நோன்பு திறந்து பழகிய சகோதரர்கள் நம் கஞ்சியை அறிந்துகொள்ளும் இடமும் பள்ளிவாசல் வரிசைதான். பிற்பகல் முறையினர் அவ்வரிசைக்கு வர இயலாது.

தராவீஹுக்குப் பின் திரும்புவோருக்கென ஒரு வாளிக் கஞ்சியைத் தனியே எடுத்துவைப்பது ஜமாஅத்துகளுக்குக் கடினமன்று. ஆறிய கஞ்சி இறுகிவிடும். வெந்நீர் விட்டு இளக்கிச் சூடாக்க ஒரு சிறு அடுப்பும், சற்றுக் கண்விழிக்க இருவரும் போதும்.