பணித்திருப்தியும் பூட்டிய பெட்டியில் இருந்த சான்றிதழ்களும்

மருத்துவமனை ஊழியர்களின் பணித்திருப்தி பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் ஆய்வேடுகளில் பெரும்பாலானவை 1959இல் தொடங்குகின்றன. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் மற்ற இருவருடன் சேர்ந்து இரு காரணிக் கோட்பாட்டை வெளியிட்ட ஆண்டு அது. (பணிநிறைவு என்று எழுதினால் ஓய்வுபெறும் விழா நினைவுக்கு வருகிறது, ஆகவே பணித்திருப்தி என்றே வைத்துக்கொள்கிறேன்.)

ஹெர்ஸ்பெர்க் குழு நேர்கண்டவர்கள் பிட்ஸ்பர்க் வட்டாரத்தைச் சேர்ந்த சுமார் 200 பொறியாளர்களும் கணக்காளர்களும். ஊதியம், மேற்பார்வை, பணிச்சூழல் ஆகியவை குறைந்தால் அதிருப்தி வரும். அவை நிறைந்திருந்தாலும் திருப்தி பிறக்காது. சாதனையும் அங்கீகாரமும் பொறுப்புமே அதைத் தரும் என்பது அவர்களின் முடிவு. முதல் வகைக்கு இட்ட பெயர் 'சுகாதாரக் காரணிகள்'. சுகாதாரம் நோயைத் தடுக்கும், குணப்படுத்தாது என்ற பொருளில் மருத்துவத்திடம் இரவல் வாங்கிய சொல் அது. அந்தச் சொல் மருத்துவமனைக்கே திரும்பிவந்து, செவிலியரின் சம்பளத்தை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது.

இந்தியாவில் இந்தக் கேள்வி அதற்கு முன்பே எழுந்துவிட்டது. 1943இல் அமைக்கப்பட்ட போர் குழு 1946இல் அறிக்கை தந்தபோது, ஏறத்தாழ 30 கோடி மக்களுக்கு இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர்; 43,000 பேருக்கு ஒருவர். இந்தப் பற்றாக்குறையை அக்குழு எண்ணிக்கைச் சிக்கலாக மட்டும் பார்க்கவில்லை. செவிலியரின் பயிற்சி நிலையும் பணிநிலையும் மோசமாக இருப்பதையும் அது சுட்டியது. 1954இல் ஷெட்டி குழு செவிலியரின் ஊதியத்தையும் பணி நிபந்தனைகளையும் மீண்டும் ஆராய்ந்தது. 1987இல் அமைக்கப்பட்டுப் பின்னர் சரோஜினி வரதப்பன் தலைமையில் இயங்கிய உயர்நிலைக் குழு, வாரத்துக்கு 40 மணி நேர வேலை, குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், செவிலியம் சாராத வேலைகளிலிருந்து விடுவிப்பு ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டு இடைவெளியில் வந்த மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே குறைகளைத்தான் தொட்டன. ஹெர்ஸ்பெர்க்கின் மொழியில் அவை அனைத்தும் வெறும் சுகாதாரக் காரணிகள்.

ஆனால் அந்தக் கோட்பாட்டில் எந்த வரிசையிலும் அடங்காத ஒன்றும் இருந்தது: வேலையை விட்டுப் போகும் உரிமை. தனியார் மருத்துவமனைகள் பெருகியபோது 'பாண்டு' முறை வேரூன்றியது. வேலையில் சேரும் செவிலியரின் அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்ளும். ஒப்பந்தக் காலத்துக்கு முன் விலகினால் பெருந்தொகை கேட்கும். கல்விக்கடனை அடைக்க வேண்டியவர் எங்கே போவார்? 2011–12இல் கேரளத்திலும் மும்பை, டெல்லி போன்ற நகரங்களிலும் நடந்த செவிலியர் வேலைநிறுத்தங்களில் சம்பளக் கோரிக்கைக்கு இணையாக ஒலித்தது, சான்றிதழ்களைத் திருப்பிக் கொடு என்பதே. பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி ஒரு குழு அமைந்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், மிகச் சிறிய மருத்துவமனைகளிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியமும் வேண்டும் என்றது அக்குழு. அதைச் செயற்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. கேரளம் 2018இல் 20,000 ரூபாயைக் குறைந்தபட்ச ஊதியமாக அறிவித்தது, அதுவும் மீண்டும் ஒரு போராட்ட அலைக்குப் பின்னரே.

இந்த வரலாற்றை அறிந்தவருக்கு ஐந்து புள்ளி அளவுகோல் வேறுவிதமாகத் தெரியும். 'இந்நிறுவனத்தில் தொடர விரும்புகிறேன்' என்ற கூற்றுக்கு எதிரே 'ஏற்கிறேன்' என்று ஒரு செவிலியர் குறிக்கிறார். அவருடைய சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்று வினாத்தாள் கேட்பதில்லை. அதை வார்டுதோறும் கொடுத்துத் திரும்ப வாங்குபவர் பெரும்பாலும் அவருடைய மேற்பார்வையாளரே என்பதை முறையியல் அத்தியாயம் 'உரிய அனுமதியுடன்' என்ற இரண்டு சொற்களில் கடந்துவிடும். பிறகு சராசரி 3.6 என்று வந்தால் 'மிதமான திருப்தி' என்று எழுதுகிறோம்.

ஆய்வைத் தொடங்கவிருக்கும் மாணவர்கள் ஒப்பந்தத்தின் தன்மை, சான்றிதழ் இருக்கும் இடம், விலகினால் கட்ட வேண்டிய தொகை ஆகிய மூன்றையும் வயது, பாலினத்தோடு முதல் பக்கத்திலேயே கேட்கலாம். வேலையை விட்டுச் சென்றவர்களில் சிலரையேனும் தேடிப் பிடிப்பதும் நல்லது. வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டவர்கள் நம் மாதிரியில் எந்தப் பக்கத்திலும் இல்லை.