பழைய துப்பாக்கியும் புதுத் தோட்டாவும்

வட ஆர்க்காடு, கடப்பைத் தாலுகாக்களைச் சேர்த்து 1911இல் அமைந்தது சித்தூர் மாவட்டம். திருப்பதி மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியிடமிருந்து கடலைக்கொல்லையைக் காக்க, எங்கள் பாட்டனார் லைசென்சுடன் பர்மிங்காம் இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். 1972 வனவிலங்குச் சட்டத்தோடு அது பெட்டிக்குள் போயிற்று.

"தோட்டா உள்ளே போயிடுச்சுன்னா பொருந்திடுச்சுன்னு நெனைக்காதேடா" என்பார். உண்மைதான். அக்காலக் குழல்கள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.; இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. வாய் மடித்திருப்பதால் அதுவும் நுழையும். சுடும்போது மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் ஏறும். கரிமருந்துக்கென்றே முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலில் புகையில்லா மருந்துத் தோட்டாவைப் போட்டால், குழலே பிளந்து கையைக் கொண்டுபோகலாம்.

எனவே குழலடியில் உள்ள சோதனை முத்திரையை விவரமறிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி, அறையையும் அளந்த பிறகே தோட்டா வாங்க வேண்டும். முத்திரை விளங்காவிட்டால், சுடாதிருப்பதே பாட்டனாருக்கு நாம் செய்யும் மரியாதை.