ஓதம் வற்றிய நிலம்

பாஸ்டன் நகரத்தின் பழைய சுங்க மாளிகை 1847இல் கட்டி முடிக்கப்பட்டபோது கப்பல் துறையின் விளிம்பிலேயே நின்றது; அணைந்து நின்ற கப்பல்களின் முன்கொம்புகள் அதன் கிழக்குச் சுவரைத் தொட்டுவிடுமோ என்று காண்பவர் எண்ணும்படி கடல் அத்தனை அருகில் இருந்தது. இன்று அதே படிகளில் இறங்குகிறவர் கடலை அடையப் பல தெருக்களைக் கடந்து நடக்க வேண்டும். மாளிகை இடம் பெயரவில்லை. அதன் எதிரே இருந்த கடலைத்தான் மனிதர் மண்ணிட்டுத் தூர்த்தார்கள்.

அந்தக் கரையில் ஓதம் ஏறி வற்றும்போது நீர்மட்டம் ஏறத்தாழ ஒன்பதரை அடி உயர்ந்து தாழ்கிறது. நாளொன்றுக்கு இருமுறை கடலாகவும் இருமுறை தரையாகவும் உருமாறும் அந்தச் சேற்று நிலம் யாருக்குப் பாத்தியம் என்பது மிகப் பழைய கேள்வி. காற்றும் ஓடும் நீரும் கடலும் கடற்கரையும் மாந்தர் அனைவருக்கும் பொது என்று 533ஆம் ஆண்டில் வெளியான ஜஸ்டீனியன் சக்கரவர்த்தியின் சட்டநூல் வகுத்தது. ஆங்கில நாட்டு வழக்கமோ, அந்நிலம் அரசனுடையதே ஆயினும், மீன்பிடிக்கவும் படகு செலுத்தவும் வரும் குடிகளின் பொருட்டே அவன் அதை வைத்திருக்கிறான் என்று கொண்டது. கோயில் நிலத்துக்குத் தர்மகர்த்தா எப்படியோ அப்படியே ஓதநிலத்துக்கு அரசன்: பரிபாலனம் செய்யலாம், தன் சொந்தச் சொத்தாக எண்ணிக் கைமாற்றலாகாது.

இந்த எண்ணத்தோடு மாசசூசெட்ஸ் கரையில் குடியேறிய ஆங்கிலேயர், 1641இல் இயற்றிய தங்கள் உரிமைச் சாசனத்தில், கடல் ஏறி வற்றும் இடமெங்கும் மீன்பிடிக்கவும் நீர்ப்பறவை வேட்டையாடவும் வீட்டுக்காரர் ஒவ்வொருவருக்கும் தடையற்ற உரிமை உண்டு என்று எழுதி வைத்தார்கள். ஆனால் கப்பல் துறைகள் உடனே வேண்டியிருந்தன; அவற்றைக் கட்டப் பொதுப் பொக்கிஷத்தில் பணம் இல்லை. ஆகவே 1647இல் சட்டத்தைத் திருத்தி, கரையோர நிலத்தின் சொந்தக்காரர், தம் நிலத்துக்கு எதிரேயுள்ள ஓதநிலத்தையும் தாழ்நீர்க் கோடு வரையில், அக்கோடு மிகத் தொலைவில் இருந்தால் நூறு ராடு, அதாவது 1,650 அடி வரையில், தமதாக்கிக்கொண்டு துறை கட்டலாம் என்று இடம் கொடுத்தார்கள். மீன்பிடித்தல், பறவை வேட்டை, படகுப் போக்குவரத்து என்ற மூன்றுக்கு மட்டும் பொதுஜனங்களின் உரிமை அந்நிலத்தின்மேல் எஞ்சி நின்றது. நடப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்காகவே கரைக்கு வந்த அந்த மனிதருக்கு, அலையோரம் நடந்து செல்வதையும் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை போலும்.

பிறகு வந்த இருநூறு ஆண்டுகளில் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலுக்குள் நீண்டன. ஒரு துறைக்கும் மறு துறைக்கும் இடைப்பட்ட நீர் குப்பையாலும் மண்ணாலும் மெல்ல மெல்ல நிரம்பியது. எல்லாவற்றிலும் பெரிய தூர்ப்பு பேக் பே என்னும் உப்பங்கழியில் நிகழ்ந்தது. 1821இல் அதன் குறுக்கே அணை கட்டி, ஓதநீரின் விசையால் ஆலைகளை ஓட்டப் பார்த்தார்கள். ஆலைகள் எதிர்பார்த்தபடி வளரவில்லை, அணைக்குள் சிறைப்பட்ட கழியோ நகரத்துச் சாக்கடை கலந்து நாற்றமெடுத்தது. 1850களின் இறுதியில் தொடங்கி, ஒன்பது மைல் தொலைவிலுள்ள நீதம் என்ற ஊரின் சரளைக் குன்றுகளை நீராவி மண்வாரியால் வெட்டி, இரவு பகலாக ரயில் வண்டிகளில் கொண்டுவந்து கொட்டி, அந்தக் கழியை ஒரு நகர்ப்பகுதியாகவே ஆக்கினார்கள். 1877இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட டிரினிட்டி தேவாலயம் அங்கே ஏறத்தாழ 4,500 மரக்கம்பங்களின்மேல் நிற்கிறது. கம்பங்கள் நிலத்தடி நீரில் மூழ்கியிருக்கும் வரையில் உளுக்காது. நீர்மட்டம் தாழ்ந்து காற்றுப் பட்டால் தலைப்பகுதி மக்கிவிடும். கடலை விரட்டி எழுப்பிய வீதிகளில் குடியிருப்போர் இன்றைக்கும் கிணறு தோண்டிக் காலடி நீரை அளந்து பார்க்கும் காட்சி எனக்கு மிகவும் பொருள் பொதிந்ததாகத் தோன்றுகிறது.

தூர்ப்பதற்கு அரசின் அநுமதி பெற வேண்டும் என்ற சட்டம் 1866இல் வந்தது. ஆயினும் அநுமதி பெற்றுத் தூர்த்தபின் அந்நிலம் முழுதும் தனியார் சொத்தாகிவிடுமா என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்குமேல் தெளிவான விடை இல்லை. லூயிஸ் துறையின் உரிமையாளர்கள், தங்கள் நிலத்தில் யாருக்கும் எவ்விதப் பாத்தியதையும் இல்லை என்று பதிவுசெய்து தரும்படி வழக்காடினார்கள். 1979இல் மாசசூசெட்ஸ் உச்ச நியாயஸ்தலம், நிலம் அவர்களுடையதே, ஆனால் எந்தப் பொதுக் காரியத்துக்காக முன்னோர் சட்டசபை அதை வழங்கியதோ அந்த நோக்கத்துக்கு ஆட்பட்டே அவர்களுடையது என்று தீர்ப்பளித்தது. இந்த வரலாற்றிலேயே அரும்பெருங் காரியம் இதுதான் என்பேன். ஏனெனில், கப்பல்கள் போய், கிடங்குகள் வீடுகளாக மாறி, கடல் இருந்த சுவடே மறைந்த பின்னும், அந்த மண்ணில் ஜனங்களின் பங்கு ஜீவித்திருக்கிறது என்பதை அது ஒப்புக்கொண்டது. நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் 1996இல், பியாஸ் நதிக்கரை பற்றிய வழக்கில், கடற்கரையும் ஓடும் நீரும் அரசு தர்மகர்த்தாவாக இருந்து காக்க வேண்டியவை என்ற இதே கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது.

மாசசூசெட்ஸில் 1866ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 1983இல் வலுப்பெற்றது. 1990இல் அதன்கீழ் விதிகள் வந்தன. நீரோடு சம்பந்தமில்லாத கட்டடம் எழுப்புகிறவர், விளிம்பில் பாதை விடவும், திறந்த வெளி ஒதுக்கவும், தரைத்தளத்தில் பொதுமக்கள் நுழையும்படி இடம் வைக்கவும் கடமைப்பட்டார்கள். இவ்வாறு துண்டு துண்டாகப் பெற்ற பாதைகள் சேர்ந்துதான் இன்று ஏறத்தாழ 43 மைல் நீளமுள்ள துறைமுக நடைபாதை ஆகியிருக்கிறது. தங்கும் விடுதியின் முகப்பையும் செல்வர் குடியிருப்பின் தோட்டத்தையும் ஒட்டி, அயலூர்க்காரரும் கைவண்டியில் குழந்தையைத் தள்ளிவரும் தாயும் யாரையும் கேட்காமல் அதில் நடந்து போகிறார்கள்.

மண்ணிட்டுத் தூர்த்த இடத்தில் கிடைத்த இந்த உரிமை, இயற்கையான மணற்கரையில் கிடைக்கவில்லை. மேல்நீர்க் கோட்டுக்கும் தாழ்நீர்க் கோட்டுக்கும் இடையே பகல் வேளையில் கால்நடையாகச் செல்லப் பொதுமக்களுக்கு வழி தரும் மசோதா ஒன்று எழுந்தபோது, இழப்பீடு கொடாமல் தனியார் சொத்தைப் பறிப்பதாகும் என்று 1974இல் நீதிபதிகள் அபிப்பிராயம் சொன்னார்கள். 1820 வரையில் மாசசூசெட்ஸோடு சேர்ந்திருந்து அதே பழஞ்சட்டத்தைச் சுமந்து சென்ற மெயின் மாநிலத்திலும், 1989இல், வெல்ஸ் என்ற ஊரின் மூடி கடற்கரையைக் குறித்து அவ்வாறே தீர்ப்பாயிற்று. ஆகையால், தனியார் கரையில் ஓதம் வற்றிய ஈரமணலில் உலாவ விரும்புகிறவர் கையில் ஒரு தூண்டிற்கோலை எடுத்துக்கொண்டு போவது அங்கே அறிந்த வழக்கம்; 1647இல் எழுதப்பட்ட மூன்று சொற்களில் முதலாவது அவருக்குத் துணை வருகிறது.