சட்டம் எண்ணிய வயதும் எண்ணாத காயமும்

இளமையில் பட்ட காயம் பிற்கால மணவாழ்வையும் உடல்நலத்தையும் பாதிக்கும் என்பதை இன்று மருத்துவ உலகம் ஏற்கிறது. அக்காயத்துக்குத் திருமணமே காரணமாய் அமைந்த வரலாறு இந்தியாவுக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்று பெண்களின் வாழ்வு அதனைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தது.

ஆனந்திபாய் ஜோஷி (1865–1887) ஒன்பது வயதில், தம்மினும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மூத்த கோபால்ராவுக்கு மணமுடிக்கப்பட்டார். பதினான்கு வயதில் ஈன்ற ஆண்மகவு பத்து நாட்களில் இறந்தது. அவ்விழப்பே அவரை மருத்துவக் கல்வியை நோக்கித் திருப்பியது. அவரைப் படிக்கத் தூண்டியவரும் கணவரே. அடித்துத் துன்புறுத்தியவரும் கணவரே. சிறுவயதில் பட்ட அவ்வடிகளை அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதமொன்றில் ஆனந்திபாய் கணவருக்கே நினைவூட்டினார். 1886இல் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பியவர், மறுஆண்டே காசநோயால் இருபத்தோராம் வயதில் மறைந்தார்.

பம்பாயில் ரக்மாபாய் பதினொரு வயதில் மணமுடிக்கப்பட்டு, தாய்வீட்டிலேயே வளர்ந்தார். 1884இல் கணவர் தாதாஜி பிகாஜி, மனைவியைத் தம்முடன் வாழ அனுப்புமாறு வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில் நிகழ்ந்த மணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பது ரக்மாபாயின் நிலைப்பாடு. 1885இல் நீதிபதி பின்ஹே அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. 1887இல் நீதிபதி ஃபாரன், கணவருடன் செல்லுதல் அல்லது ஆறு மாதச் சிறைவாசம் என ஆணையிட்டார். ரக்மாபாய் சிறைக்குச் செல்ல முன்வந்தார். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். பின்னர் இலண்டனில் மருத்துவம் பயின்ற ரக்மாபாய், சூரத்தில் நெடுங்காலம் மருத்துவப் பணியாற்றினார்.

வங்காளத்துப் புல்மணி தாசிக்கு அத்தகைய வாய்ப்பே கிட்டவில்லை. பதினொரு வயதளவில் இருந்த அச்சிறுமி, கணவனின் வன்புணர்ச்சியால் குருதி பெருகி இறந்தாள். அன்றைய சட்டத்தின்படி மனைவிக்குப் பத்து வயது நிறைந்துவிட்டால் அது வன்புணர்வாகக் கொள்ளப்படாது. எனவே 1890இல் கணவனுக்குக் கிடைத்த தண்டனை ஓராண்டுக் கடுங்காவல் மட்டுமே.

இதனால் எழுந்த கொந்தளிப்பில் 1891இல் இசைவு வயது பன்னிரண்டாக உயர்ந்தது. 1929ஆம் ஆண்டின் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்காக வரையறுத்தது. 1978இல் அது பதினெட்டானது.

இம்மாற்றங்கள் அனைத்தும் வயதைக் குறித்தவை. புல்மணியின் உடற்காயத்தைக் கண்டபின்னரே சட்டம் அசைந்தது. ரக்மாபாய் நாளிதழுக்கு எழுதிய கடிதங்களிலோ, கல்வி தடைபட்டதும் மனவளர்ச்சி முடங்கியதும் முதன்மைத் துயரங்களாக இடம்பெற்றன. அத்துயரை நீதிமன்றம் கணக்கில் கொள்ளவில்லை.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 23.3 விழுக்காட்டினர் பதினெட்டு வயதுக்கு முன்பே மணமுடிக்கப்பட்டவர்கள். அவர்கள் சுமக்கும் மனத்துயரைக் குடும்பநல மருத்துவமும் குடும்ப நீதிமன்றமும் இனியேனும் கேட்டறிதல் வேண்டும்.