பாட்டன் இல்லாத ஊரில் சபை

நெய்வேலி நகரியத்தில் யாரிடமும் சொந்த ஊர் எதுவென்று கேட்டால், பெரும்பாலும் வேறோர் ஊரின் பெயர்தான் விடையாக வரும். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது தட்டுப்பட்ட கரும்பழுப்புப் பொருளை நம்பி 1956இல் ஒரு பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. 1957 மே மாதம் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது, 1962இல் மின்சாரம் வந்தது. அந்த மண்ணில் தலைமுறைகளாக உழுதுகொண்டிருந்த கிராமங்கள் பெயர்ந்துபோக, எண்ணிட்ட பிளாக்குகளும் ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ்களும் எழுந்தன. வேலைக்கு வந்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்: கத்தோலிக்கர், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று அவரவர் ஊர்ச் சபையின் பழக்கத்தைப் பெட்டியோடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். பழைய கிறிஸ்தவக் கிராமத்தில் மணியடிப்பது ஒரு குடும்பத்தின் வேலை, பாட்டு எடுப்பது இன்னொரு குடும்பத்தின் உரிமை, முன்வரிசை யாருக்கு என்பது தாத்தா காலத்திலேயே முடிவான சங்கதி. நெய்வேலியில் யாருக்கும் தாத்தா இல்லை. யார் எதைச் செய்வது என்ற கேள்வி அங்கே முதலிலிருந்து எழுந்தாக வேண்டும். ஆவிக்குரிய வரங்கள் என்று சபைகள் பேசுவதன் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான். வரத்தின் கதையை அதைப் பெற்றவரின் கதையாகவே நாம் சொல்லிப் பழகிவிட்டோம். நெய்வேலி அடங்கிய பழைய தென்னார்க்காட்டின் முந்நூறு வருடத்தைப் புரட்டினால் அது பெரும்பாலும் வாங்கிக்கொண்ட சபையின் கதையாக, சில இடங்களில் வாங்க மறுத்த சபையின் கதையாக இருப்பது தெரியும்.

வரங்களைப் பற்றிப் பவுல் மிக விரிவாக எழுதியது கொரிந்து பட்டணத்துக்கு. அந்தப் பட்டணம் எப்படிப்பட்டது என்பதைப் பிரசங்கங்கள் அதிகம் சொல்வதில்லை. பழைய கொரிந்தை கி.மு. 146இல் ரோமப் படை தரைமட்டமாக்கியது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அங்கே மறுபடி ஆட்களைக் குடியேற்றினார். அவர்களில் பலர் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள். பவுல் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குடியிருப்புக்கு நூறு வயதுக்குள்தான். பிழைக்க வந்தவர்களின் ஊர், பழங்குடிப் பெருமை பேச ஆளில்லாத ஊர், அதனாலேயே ஒருவரையொருவர் முந்தும் அவசரம் நிறைந்த ஊர். அங்கேதான் ஒருவர் அந்நிய பாஷை பேசுவதால் உயர்ந்துவிட்டதாகவும், இன்னொருவர் பேசாததால் தாழ்ந்துவிட்டதாகவும் சண்டை வந்தது. பவுலின் பட்டியலில் குணமாக்குதலும் அற்புதமும் இருக்கின்றன. அவற்றோடு ஒரே மூச்சில் உபகாரமும் ஆளுகையும் வருகின்றன. ஆளுகை என்று தமிழ் வேதாகமம் சொல்லும் அந்தக் கிரேக்கச் சொல்லின் வேர், கப்பலுக்குச் சுக்கான் பிடிக்கும் தொழிலில் இருக்கிறது. கணக்கு வைப்பவரையும் பந்தி பரிமாறுபவரையும் பிணி தீர்ப்பவருக்குப் பக்கத்தில் உட்காரவைத்த பட்டியல் அது. குடும்பப் பெயர் செல்லாத ஊரில்தான் அப்படியொரு பட்டியலுக்குத் தேவையும் இருந்திருக்கும்.

இங்கே நம் மொழி ஒரு சிறு குழப்பத்தையும் கூட்டியிருக்கிறது. காரிஸ்மா என்ற மூலச் சொல் அருள் என்ற பொருளில் கிளைத்தது. சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமம் அதை ‘வரம்’ என்றது. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கொடை’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டது. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்தாம், ஆனால் காதில் விழும் விதம் வேறு. வரம் தவத்துக்குக் கிடைக்கும் கூலி. பெற்றவனோடேயே ஒட்டிக்கொள்வது, பஸ்மாசுரன் கையில் சேர்ந்தது போலப் பிறர் அஞ்சும் ஆயுதமாகவும் ஆகக்கூடியது. கொடையோ கொடுத்தவன் பேரைச் சொல்வது, பாரியைப் பேசுமே தவிர தேரைப் பெற்ற முல்லையைப் புகழாது. ‘வரம் பெற்ற ஊழியர்’ என்று சுவரொட்டியில் ஒருவர் படம் பெரிதாக வருவதற்கு வரம் என்ற சொல்லின் பழைய வாசனையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சொல்லை மாற்றினால் நடத்தை மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. மேடைக்கும் சுவரொட்டிக்கும் கொடை என்று சொல்பவர்களிடமும் குறைவில்லை.

நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. வீரமாமுனிவர் எழுப்பிய கோயில் அது. முகாசபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் துணைநின்றார் என்பது மரபு. முனிவரின் பெயர் தேம்பாவணியோடு நிலைத்துவிட்டது. ஆனால் சபை எப்படி உயிரோடிருந்தது என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டிய நூல் அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’. வேதியர் என்று அவர் சொன்னது பிராமணரை அல்ல, குருப்பட்டம் இல்லாத உபதேசியாரை. மதுரை மிஷனில் ஒரு குருவுக்குப் பல நாள் நடைதூரத்துக்குச் சபைகள் சிதறிக் கிடந்தன. வருடத்தில் அவர் வந்துபோகும் சில நாட்கள் போக, மற்ற நாளெல்லாம் செபம் சொல்லிக்கொடுத்தவர், சாகக்கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், வழக்கு தீர்த்தவர், பிணத்தை அடக்கம் செய்தவர் எல்லாம் இந்த வேதியர்தான். பட்டம் பெற்றவர்கள் கடிதம் எழுதினார்கள், அதனால் வரலாற்றில் நின்றார்கள். வேதியர்களில் பலர் அந்தக் கடிதங்களில் பேர்கூட இல்லாமல் ‘ஓர் உபதேசியார்’ என்று வந்துபோகிறார்கள். வாய்ச்சொல்லும் பொறுமையும் உள்ள ஒருவரை ஊரே கண்டுபிடித்து முன்னிறுத்த, குரு அதை ஒப்புக்கொள்ள, பணி நடந்தது. வரங்களைப் பயன்படுத்துவது பற்றி இன்று கருத்தரங்கு வைப்பவர்கள் புதிதாக எதையோ சொல்வதாக நினைத்தால், இந்தச் சின்ன நூல் அவர்களுக்கு முன்பே அங்கே நிற்கிறது.

இதே வாதத்தின் கசப்பான பக்கம் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனில் இருக்கிறது. கடலூரில் சைவக் குடும்பத்தில் பிறந்த ஆரோன் 1733 டிசம்பர் 28ஆம் தேதி குருப்பட்டம் பெற்றார், இந்தியச் சீர்திருத்தச் சபைக்கு முதல் சுதேசி குரு. அதே காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் இராஜநாயகன் என்ற உபதேசியார் இருந்தார். தஞ்சை அரசரின் படையில் சிப்பாயாக இருந்தவர், தமிழில் அச்சான புதிய ஏற்பாட்டைப் படித்துத் தானாகவே தேடிவந்தவர். சபைகளைத் திரட்டுவதில் அவருக்கு இருந்த ஆற்றலை மிஷனரிகளே மெச்சினார்கள். இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது பட்டம் இராஜநாயகனுக்குக் கிடைக்கவில்லை. 1741இல் தியோகு என்பவருக்குக் கிடைத்தது. காரணம் கல்வியும் ஒழுக்கமும் அல்ல. இராஜநாயகன் பறையர், அவர் கையால் அப்பமும் ரசமும் வாங்க உயர்சாதி உறுப்பினர்கள் முன்வர மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். வரம் இருந்தது, அதன் பலனும் கண்ணெதிரே இருந்தது. ஏந்தும் கைதான் இல்லை. அவர் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார். வரத்தை ஒருவரின் சொத்தாகப் பார்த்தால் இந்த வாழ்க்கையில் குறை ஒன்றுமில்லை, அவரிடம் இருந்தது அவரிடமே இருந்தது. சபை வாங்கிக்கொள்ளும் கொடையாகப் பார்த்தால்தான் இழப்பு யாருடையது என்று புரிகிறது. நூறாண்டு கழித்தும் இந்தக் கணக்கு தீரவில்லை. சபைக்குள் சாதியைச் சகித்துக்கொள்ளும் போக்கை ஏற்க முடியாமல், தரங்கம்பாடிப் பணியைத் தொடர்ந்த லைப்ஸிக் மிஷனை விட்டு வெளியேறிய ஓக்ஸ் என்ற மிஷனரி, நெல்லிக்குப்பம் அருகே மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860களில் டேனிஷ் மிஷன் அதை ஏற்றெடுத்தது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான்.

அற்புத வரங்களை ஒதுக்கிவிட்டு நிர்வாகத்தையும் உபகாரத்தையும் மட்டும் பேசுகிறேன் என்று ஒரு பெந்தெகொஸ்தே வாசகர் குறைசொல்லலாம். நியாயமான குறைதான், தமிழ் மண்ணுக்கு அந்த வரலாறும் உண்டு, அதுவும் பலர் நினைப்பதைவிடப் பழையது. 1906இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து அசுசா தெருவில் எழுந்த எழுப்புதலுக்கு நாற்பத்தாறு வருடம் முன்னால், 1860இல், திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனின் கூட்டத்தாரிடையே அந்நிய பாஷையும் தரிசனமும் தீர்க்கதரிசனமும் எழுந்தன. உக்கிரன்கோட்டையில் 1810இல் பிறந்த அருளப்பன் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர், மிஷன் சம்பளம் வேண்டாமென்று சொன்னவர். அவருடைய கிறிஸ்தியான்பேட்டையில் பட்டமுள்ளவர் பட்டமற்றவர் என்ற கோடு மெலிந்தே இருந்தது. எழுப்புதலில் பெண்களும் எழுந்து பேசினார்கள். அதைச் சந்தேகத்தோடு கவனித்த வெளிநாட்டு மிஷனரிகள்கூடச் சபைகளில் நேர்ந்த மாற்றத்தை மறுக்கவில்லை. ஆக, அற்புத வரமும் என் வாதத்துக்கு வெளியே நிற்பதில்லை. அங்கேயும் கேட்கத் தயாராக ஒரு கூட்டம் இருந்ததால்தான் பேச்சு பேச்சானது. ஆனால் கேட்பது என்றால் சோதித்துப் பார்ப்பதும் சேர்ந்ததுதான். அதே அலை திருவிதாங்கூருக்குப் போய், ஜஸ்டஸ் யோசேப்பைச் சுற்றி ஒரு குழுவானது. ஆறு வருடத்தில், 1881இல், கிறிஸ்து வந்துவிடுவார் என்று நாள் குறித்தது, ‘ஆறு வருடக்காரர்’ என்ற பெயரை வாங்கிக்கொண்டது. தீர்க்கதரிசனம் சொன்னவரை நிறுத்தி ஒரு கேள்வி கேட்கக்கூடிய சபை அங்கே மிச்சமிருக்கவில்லை.

இதற்கு நேரெதிரான ஆட்சேபம் ஒன்றும் உண்டு. கணக்குப் பிரிவில் வேலைபார்ப்பவர் சபைப் பொருளாளராவதும், எலக்ட்ரீஷியன் ஆலயத்து மின்விசிறியைச் சரிசெய்வதும் தொழில்திறன்தானே, அதில் ஆவி எங்கே வந்தது? பவுலின் கொரிந்துத் தொடர்புகளிலேயே விடை இருக்கிறது. கொரிந்திலிருந்து ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முடிவில் அவர் ஏரஸ்து என்பவரின் வாழ்த்தைச் சேர்க்கிறார். தமிழ் வேதாகமம் அவரைப் பட்டணத்து உக்கிராணக்காரர் என்கிறது. நகராட்சியின் பண்டசாலைக் கணக்கு சபைக்குள் தீட்டாகவில்லை. ஆனால் இந்த ஆட்சேபத்துக்குள் ஒரு முள் இருக்கிறது. நிறுவன நகரியத்தில் ஒருவரின் சம்பளப் படிநிலையை அவர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸின் அளவே ஊருக்கு அறிவித்துவிடும். பரம்பரை போன இடத்தில் கிரேடு வந்து உட்கார்ந்துகொள்வது மிக எளிது. அதிகாரி கமிட்டித் தலைவராவது அவரிடம் சுக்கான் பிடிக்கும் திறனைச் சபை கண்டதாலா, அலுவலகத்தில் அவர்முன் எழுந்து நின்ற கால்கள் ஞாயிற்றுக்கிழமையும் எழுந்து நிற்பதாலா? பிரித்தறிய ஒரு வழி உண்டு: அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து சபையால் கூச்சமில்லாமல் திரும்ப வாங்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். வாங்க முடியாத பொறுப்பு கொடை அல்ல, பதவி.

ஒழுங்கு கெடும், ஆளுக்கொரு வரம் என்று கிளம்பினால் ஆராதனை சந்தையாகும் என்ற பயமும் வீண் பயமில்லை. கொரிந்தில் அதுதான் நடந்தது. பவுல் அதற்காக வரங்களை நிறுத்தச் சொல்லவில்லை, வரிசை வைத்துப் பேசச் சொன்னார். அந்தச் சபையில் அவரை அதிகம் சுட்டது வேறொன்று. வசதியுள்ளவர்கள் முன்னதாகக் கூடி உண்டுவிட, வேலை முடித்துத் தாமதமாக வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். ஷிப்ட் ஊரில் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் சுரங்கத்தில் மண் வெட்டும் சக்கர இயந்திரத்தின்மேல் நிற்பவரும், இரவு ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கண்ணயர்ந்தவரும் வரப்பட்டியலில் பேர் கொடுக்க வரமாட்டார்கள். அவர்களிடம் என்ன இருக்கிறது என்று சபைதான் போய்க் கேட்க வேண்டும்.

ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும் என்பது நகரிய வாழ்க்கையின் விதி. முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவரும் அடுத்த ஆண்டு வேறோர் ஊரில் இருக்கலாம். எந்தப் பணியும் ஒரு வீட்டுக்குச் சொந்தமாகி உறைந்துவிடாதபடி இந்த விதியே நெய்வேலிச் சபைகளைக் காக்கிறது. மறுபடி மறுபடி முதலிலிருந்து தேட வைப்பதும் அதுதான். நகரியத்துக்கு முதல் மின்சாரம் தந்த அனல்மின் நிலையம் 2020இல் ஓய்ந்தது. நிரந்தரத் தொழிலாளர் தொகை சுருங்கி, ஒப்பந்தத் தொழிலாளர் கூடியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் குவார்ட்டர்ஸ் இல்லை. நகரியத்தின் எல்லைக்கு வெளியே, மந்தாரக்குப்பத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் குடியிருக்கிறார்கள். நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பெயர்ந்துபோன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. நகரியத்துக்குள் கிடைக்காமல் போன அந்தத் தாத்தாக்கள் அவர்களுக்குத்தான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஆலயத்துக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால், அவர் கையில் கணக்குப் புத்தகம் போகுமா, கூடாரம் கட்டும் கயிறு மட்டும் போகுமா என்பதை 1741ஆம் ஆண்டின் தீர்ப்பைத் தெரிந்துகொண்டே அந்தந்தச் சபை முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.