யுமேதாரோவும் ஒரு நட்சத்திரமும்

மரியோவைத் தெரியாதவங்க கிடையாது. யுமேதாரோவைத் தெரியுமான்னு கேட்டா, "யாருங்க அது, ஜப்பான் சாமியாரா?"ன்னுதான் கேப்பீங்க :-)

நின்டென்டோவோட ஃபேமிகாமுக்காக சன்சாஃப்ட் கம்பெனி 1992 ஜனவரியில் ஜப்பானில் வெளியிட்ட 'கிம்மிக்!' விளையாட்டோட ஹீரோ இவர். பச்சை நிறத்துல, உருண்டையா ஒரு குட்டி ஜந்து. ஒரு சின்னப் பொண்ணுக்குப் பிறந்தநாள் பரிசா, பொம்மைன்னு நினைச்சு இவரை வாங்கிட்டு வந்துடறாங்க. பொறாமையில மத்த பொம்மைங்க அந்தப் பொண்ணையே வேற உலகத்துக்குக் கடத்திட, நம்மாளு மீட்கக் கிளம்பறார்.

கதை கிடக்கட்டும். மேட்டரே அவர் வீசற நட்சத்திரத்துலதான் இருக்கு. மரியோவோட நெருப்பு உருண்டை சுவத்துல பட்டா காலி. இந்த நட்சத்திரமோ மோதித் திரும்பும், சரிவுல உருளும். துள்ளிப்போற அதும்மேலயே ஏறி சவாரி செஞ்சு, எட்டாத இடத்துக்கும் போயிடலாம்! வெறும் 2 கேபி ராம் இருக்கற 8 பிட் மெஷின்ல டோமோமி சகாய் குழு இதை சாதிச்சிருக்கு. கோடு எழுதிப் பிழைக்கறவங்களுக்கு இதோட அருமை புரியும். ஃபேமிகாமோட 5 ஒலி சானல் போதாதுன்னு, கேட்ரிட்ஜுக்குள்ள தனி சிப் வச்சு இன்னும் 3 சேர்த்தாங்க. மசாஷி ககெயாமாவோட இசை அதுல பின்னி எடுக்குது.

அப்புறம் ஏன் யாருக்கும் தெரியலை? நேரம்தான். 16 பிட் சூப்பர் ஃபேமிகாம் 1990லயே வந்தாச்சு, எல்லார் கண்ணும் அதுமேல. போதாக்குறைக்கு, பார்க்கத்தான் குழந்தை விளையாட்டு, ஆடினா பெண்டு நிமிர்ந்துடும். ஒளிஞ்சிருக்கற பொருள் எல்லாத்தையும் கன்டின்யூ போடாம எடுத்தாதான் உண்மையான முடிவையே பார்க்க முடியும். 1993ல ஸ்காண்டிநேவியாவுக்குப் போச்சு. அங்கத்திய மெஷின்ல அந்தக் கூடுதல் சானல்கள் கேக்காதுங்கறதால இசையும் இளைச்சுப்போச்சு. அமெரிக்காவுல அப்போ வெளிவரவே இல்லை.

புதுசு வந்த மறுநாளே பழசைத் தூக்கிப் பரண்ல போடறது நம்ம தொழில்ல சகஜம். 'இதுல இனிமே ஒண்ணும் இல்லை'ன்னு முடிவு கட்டின மெஷின்ல இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு காட்டினதாலதான் கிம்மிக்கை நான் முக்கியமா நினைக்கறேன். ஒரு மெஷினை முழுசாப் புரிஞ்சுக்கறதுக்குள்ள அதோட காலமே முடிஞ்சுடுது. அந்தக் கடைசி நேரத்து நல்ல வேலையை யாரும் பார்க்கறதில்லை.

2023ல இப்போதைய மெஷின்களுக்கும் மறுபடி வெளியிட்டாங்க. ஆடிப் பாருங்க மக்களே. முதல் லெவல்லயே பத்து தடவை செத்தா, என்னைத் திட்டப்படாது, சொல்லிட்டேன்!